தேசியக் கலைஞர்: பட்டம் யார் கையில்?

2009 ஆகஸ்ட் 7. மணிலா விரிகுடாவின் கரையில் நிற்கும் பிலிப்பைன்ஸ் கலாசார மையத்தின் முன்னால் கறுப்பு உடை உடுத்திய ஒரு கூட்டம் சேர்ந்தது. ஓவியர்கள், சிற்பிகள், கவிஞர்கள், நாடகக்காரர்கள், பேராசிரியர்கள், கலைக் கல்லூரி மாணவர்கள். துக்க வீட்டில் பேசுவதைப் போல ஒவ்வொருவராக இரங்கல் உரை வாசித்தார்கள். பிறகு சவ ஊர்வலமாகக் கிளம்பி, பழைய கோட்டை நகரமான இன்ட்ராமுரோஸில் இருக்கும் தேசியக் கலாசார ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனார்கள். இறந்துபோனவர் என்று எந்த மனிதரும் இல்லை. நாட்டின் மிக உயர்ந்த கலை விருதான 'தேசியக் கலைஞர்' பட்டத்துக்குத்தான் அவர்கள் இறுதிச் சடங்கு நடத்தினார்கள். அந்தப் பட்டத்தை ஏற்கெனவே பெற்றிருந்த மூத்த கலைஞர்களே முன்வரிசையில் நின்றார்கள்.

அரசு தரும் விருதை வாங்கிக்கொண்டவர்கள் பெரும்பாலும் அரசோடு சண்டைக்குப் போவதில்லை. பிலிப்பைன்ஸ் கலைஞர்கள் தெருவுக்கு வந்ததோடு நிற்காமல் உச்ச நீதிமன்றப் படியேறினார்கள், நான்கு ஆண்டுகள் காத்திருந்து ஜெயித்தார்கள். கலைஞனை கௌரவிக்கும் உரிமை முதலில் சக கலைஞர்களுக்குத்தான், ஜனாதிபதியின் கையெழுத்து அதற்குப் பிறகுதான் என்பதை அவர்கள் சட்டத்தின் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். ஆனால், அந்த வெற்றியோடு ஒரு பொறுப்பும் அவர்கள் தோளில் ஏறியது. பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு மட்டுமல்ல, யார் இல்லை என்பதற்கும் இனி அவர்களே பதில் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் தாமதமாக வந்த முதல் பட்டம்

ஃபெர்னாண்டோ அமோர்சோலோ 1972 ஏப்ரல் 24 அன்று இறந்தார். நாற்று நடும் பெண்கள், மாம்பழம் பறிக்கும் குடும்பங்கள், முதுகுப்புறமிருந்து விழும் பொன்வெயிலில் விளிம்பு மின்னும் முகங்கள் என அவர் வரைந்த கிராமம்தான் இரண்டு தலைமுறை பிலிப்பினோக்களுக்குத் தங்கள் நாட்டின் உருவமாக மனதில் பதிந்தது. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 27 அன்று, ஜனாதிபதி ஃபெர்டினாண்ட் மார்கோஸ் 1001ஆம் எண் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். தேசியக் கலைஞர் விருது பிறந்தது. முதல் பட்டம் அமோர்சோலோவுக்கு. அதை வாங்கிக்கொள்ள அவர்தான் இல்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் மார்கோஸ் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நாளிதழ்கள் மூடப்பட்டன, எழுத்தாளர்கள் சிறைக்குப் போனார்கள். ஒரு பக்கம் கலாசார மையத்தின் பளிங்குத் தாழ்வாரங்கள், இன்னொரு பக்கம் முகாம்களில் அடைக்கப்பட்ட கவிஞர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் விருது வளர்ந்தது. 1976இல் இலக்கியத்துக்கான பட்டத்தை நிக் ஹோவாக்கினுக்குத் தர முன்வந்தபோது, சிறையில் இருந்த கவிஞர் ஹோசே லகாபாவை விடுதலை செய்தால்தான் ஏற்றுக்கொள்வேன் என்று அவர் நிபந்தனை வைத்தார். லகாபா வெளியே வந்தார். இந்த விருதின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த சம்பவம் இதுதான். பட்டத்தை ஒரு மனிதனின் விடுதலைக்கு ஈடாக வைக்கலாம் என்று ஒரு எழுத்தாளருக்குத் தோன்றியிருக்கிறது.

ஓவியத்திலும் சிற்பத்திலும் ஆரம்பத் தேர்வுகள் நேர்மையாகவே இருந்தன. 1973இல் சுவரோவிய மேதை கார்லோஸ் 'போதோங்' பிரான்சிஸ்கோவும் சிற்பி கில்யெர்மோ டொலெண்டினோவும். 1976இல் விக்டோரியோ எடாடெஸும் நெப்போலியன் அபுவேவாவும். எடாடெஸின் பெயர் இதில் முக்கியமானது. அமெரிக்காவின் சியாட்டிலில் படித்துத் திரும்பிய அவர், 1928இல் மணிலாவில் 'கட்டடத் தொழிலாளர்கள்' என்ற பெரிய ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார். மங்கிய மண்நிறத்தில், உடல் முறுக்கிய உழைப்பாளிகள். அமோர்சோலோவின் பொன்வெயிலுக்குப் பழகிய கண்களுக்கு அது அவமதிப்பாகப் பட்டது. அழகு என்றால் என்ன என்று பத்தாண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைகளில் சண்டை நடந்தது. டொலெண்டினோ மரபின் பக்கம், எடாடெஸ் நவீனத்தின் பக்கம். கடைசியில் சண்டையிட்ட இரு தரப்பும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. தேர்வை நடத்தியவர்களுக்குக் கலையின் வரலாறு தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பெட்டிச் செய்தி: லூனாவுக்கு ஏன் பட்டம் இல்லை?

பிலிப்பினோ ஓவியம் என்றதும் உலகம் முதலில் சொல்லும் பெயர் ஹுவான் லூனா. 1884இல் மாட்ரிட் கண்காட்சியில் அவருடைய 'ஸ்போலியாரியம்' தங்கப் பதக்கம் வென்றது. அதே கண்காட்சியில் ஃபெலிக்ஸ் ரெசுரெக்ஸியோன் ஹிடால்கோவுக்கு வெள்ளிப் பதக்கம். அந்த ஆண்டு ஜூன் 25 அன்று நடந்த விருந்தில் இருவரையும் வாழ்த்திப் பேசிய இளைஞர் ஹோசே ரிசால். பின்னாளில் ஸ்பானிய அரசு அவரைச் சுட்டுக்கொன்றது, நாடு அவரைத் தேசிய நாயகனாக ஏற்றது. நான்கு மீட்டருக்கு மேல் உயரமும் ஏழரை மீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட 'ஸ்போலியாரியம்' இன்று மணிலா தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தின் முதல் கூடத்தை நிறைத்து நிற்கிறது. ஆனால் லூனாவும் ஹிடால்கோவும் தேசியக் கலைஞர்கள் அல்லர். 1972க்கு முன் இறந்தவர்களுக்குப் பட்டம் இல்லை என்கிறது இன்றைய விதி. அந்த விதி உருவாகுமுன் இடம்பெற்ற விதிவிலக்குகளில் ஒருவர் 1969இல் மறைந்த போதோங் பிரான்சிஸ்கோ.

ஒரு தேவாலயம், ஐந்து பெயர்கள்

கௌரவம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் விருது மேடைக்குப் போக வேண்டாம். கேசோன் நகரில், பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் திலிமான் வளாகத்துக்குள் இருக்கும் திருப்பலி தேவாலயத்துக்குப் போகட்டும்.

1955 டிசம்பரில் அது திறக்கப்பட்டபோது அங்கே யாருக்கும் பட்டம் கிடையாது, பெரிய பெயரும் கிடையாது. வளாகத்தின் குருவாக இருந்த ஜான் டெலானி என்ற இயேசு சபைப் பாதிரியார் மாணவர்களுக்கு ஒரு கோயில் வேண்டும் என்றார். கட்டடக் கலைஞர் லியாண்ட்ரோ லொக்சினுக்கு அப்போது வயது 27. நெக்ரோஸ் தீவில் ஒரு பணக்காரக் குடும்பத்துக்காக அவர் போட்ட திட்டம் ஒன்று கட்டப்படாமல் கிடந்தது. அந்த யோசனை இங்கே உயிர் பெற்றது. மெல்லிய கான்கிரீட்டில் ஒரு பெரிய வட்டக் கூரை. சுற்றிலும் சுவர் கிடையாது. காற்றும் வெளிச்சமும் எல்லாப் பக்கமிருந்தும் வரும். பீடம் நடுவில், மக்கள் அதைச் சுற்றி. பூசையில் முன்வரிசை, பின்வரிசை என்ற பேதம் அதிகமில்லாத அந்த அமைப்பு அன்றைக்கு எந்த நாட்டிலும் புதுமைதான்.

பீடத்துக்கு மேலே இருபுறமும் உருவம் கொண்ட ஒரு சிலுவை தொங்குகிறது. ஒரு பக்கம் வேதனைப்படும் கிறிஸ்து, மறுபக்கம் உயிர்த்தெழுந்தவர். அதைச் செய்த நெப்போலியன் அபுவேவாவுக்கு வயது 25. சுற்றிலும் சிலுவைப்பாதை ஓவியங்கள் விசென்டே மனன்சாலாவுடையவை. பீடத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் தரைச் சித்திரம், 'வாழ்வின் நதி', ஆர்டுரோ லூஸின் கைவேலை. 1968இல் இசையறிஞர் ஹோசே மசேடா இருநூறுக்கும் மேற்பட்ட பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் இதே கூரையின் கீழ் மக்களுக்கு நடுவே அமர்த்தித் தன் 'பக்சம்பா'வை நிகழ்த்தினார்.

பிறகுதான் பட்டங்கள் வந்தன. அபுவேவாவுக்கு 1976இல், 46 வயதில். அந்த வயதில் அதைப் பெற்றவர் வேறு யாருமில்லை. மனன்சாலாவுக்கு 1981, லொக்சினுக்கு 1990, லூஸுக்கும் மசேடாவுக்கும் 1997. ஐந்து பேரையும் முதலில் தேர்ந்தெடுத்தது அரசு அல்ல. இவர்களால் முடியும் என்று நம்பி வேலையை ஒப்படைத்த ஒரு பாதிரியாரும், ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்ட நண்பர்களும்தான். அரசு இருபது, நாற்பது ஆண்டுகள் கழித்து அதே முடிவுக்கு வந்து சேர்ந்தது.

கலைஞர்களை உலகத்துக்குக் காட்டுவதிலும் இதே தாமதம்தான். 1964இல் வெனிஸ் பைனாலே என்னும் சர்வதேசக் கலைக் கண்காட்சிக்கு பிலிப்பைன்ஸ் முதன்முதலாகக் கலைஞர்களை அனுப்பியது. போனவர்கள் அபுவேவாவும் அரூப ஓவியர் ஹோசே ஹோயாவும். அடுத்த முறை அந்த நாடு வெனிஸில் தன் அரங்கைத் திறந்தது 2015இல். ஐம்பத்தோரு ஆண்டு இடைவெளி! பட்டம் கொடுப்பதில் காட்டிய அக்கறையைப் பயணச்சீட்டு வாங்குவதிலும் காட்டியிருந்தால் ஒரு முழுத் தலைமுறை உலகத்தின் கண்ணில் பட்டிருக்கும்.

ஏழில் நான்கு

2009இல் என்ன நடந்தது? நடைமுறை சாதாரணமாகத்தான் தொடங்கியது. தேசியக் கலாசார ஆணையமும் பிலிப்பைன்ஸ் கலாசார மையமும் சேர்ந்து நடத்தும் தேர்வு இது. துறைசார் கலைஞர்களும் அறிஞர்களும் கொண்ட குழு முதலில் பரிந்துரைகளைச் சலிக்கும். அடுத்த குழு அதை மீண்டும் ஆராயும். கடைசியாக இரு நிறுவனங்களின் ஆட்சிக்குழுக்களும் கூடி ஒரு பட்டியலை ஜனாதிபதிக்கு அனுப்பும். அந்த ஆண்டு போன பெயர்கள் நான்கு: திரைப்பட இயக்குநர் மானுவல் கோண்டே, நாவலாசிரியர் லசாரோ பிரான்சிஸ்கோ, ஓவியர் ஃபெடெரிகோ அகிலார் அல்குவாஸ், இசையமைப்பாளர் ராமோன் சாந்தோஸ்.

ஜனாதிபதி குளோரியா மகபகல் அரோயோ அறிவித்த பட்டியலில் ஏழு பெயர்கள் இருந்தன. ராமோன் சாந்தோஸ் காணாமல் போயிருந்தார். புதிதாக நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள்: நாடகக் கலைஞர் செசில் கிடோட்டே-அல்வாரெஸ், கட்டடக் கலைஞர் பிரான்சிஸ்கோ மனோசா, ஆடை வடிவமைப்பாளர் பிட்டோய் மொரேனோ, காமிக்ஸ் எழுத்தாளரும் திரைப்பட இயக்குநருமான கார்லோ காப்பராஸ். இவர்களில் கிடோட்டே-அல்வாரெஸ் அப்போது தேசியக் கலாசார ஆணையத்தின் செயல் இயக்குநர். விருதை நடத்தும் நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்களைப் பரிந்துரைக்கக் கூடாது என்பது விதி. காப்பராஸுக்குக் காட்சிக்கலையும் திரைப்படமும் என்று போடப்பட்டிருந்தது. அவருடைய புகழ்பெற்ற காமிக்ஸ்களுக்குக் கதை அவருடையது. படம் வரைந்த கைகள் வேறு. காமிக்ஸ் உலகத்துக்கு உள்ளேயே இது மனக்கசப்பை உண்டாக்கியது.

நான்கு பேரும் தகுதியற்றவர்கள் என்று போராட்டக்காரர்கள் வாதாடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனோசா மூங்கிலையும் தென்னையையும் வைத்து நவீனக் கட்டடக் கலைக்குப் புதுப் பாதை போட்டவர். கேள்வி, வாசல் எது என்பதுதான். பென்கேப் என்று எல்லோரும் அழைக்கும் ஓவியர் பெனடிக்டோ கப்ரேரா, அபுவேவா, லூஸ், எழுத்தாளர்கள் விர்ஹிலியோ அல்மாரியோ, பியன்வெனிடோ லும்பேரா ஆகிய தேசியக் கலைஞர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். அந்த ஆகஸ்டிலேயே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

2013 ஜூலை 16 அன்று தீர்ப்பு வந்தது. நான்கு நியமனங்களும் செல்லாது. ஜனாதிபதி பரிந்துரைகளை ஏற்கலாம், மறுக்கலாம். பரிந்துரைக்கப்படாத பெயரைத் தானாக நுழைக்க முடியாது. கலைத்தகுதியை எடைபோடும் வேலையைச் சட்டம் நிபுணர்களிடம் கொடுத்திருக்கிறது, அதைத் தாண்டுவது அதிகாரத்தைக் கடுமையாகத் தவறாகப் பயன்படுத்துவது என்று நீதிமன்றம் சொன்னது.

தீர்ப்பின் பலனை அடுத்த ஆண்டுகளில் பார்க்கலாம். 2014இல் ராமோன் சாந்தோஸுக்குப் பட்டம் கிடைத்தது. மனோசா முறையான தேர்வு வழியாகவே 2018இல் பெற்றார், நான்கு மாதங்களில் மறைந்தார். ஆனால் மறுக்கும் உரிமை ஜனாதிபதியிடமே இருந்ததால் அதற்கும் ஒருவர் பலியானார். 2014இல் நடிகை நோரா ஆனோரைத் தேர்வுக்குழு பரிந்துரைத்தது. பழைய போதைப்பொருள் வழக்கைக் காரணம் காட்டி ஜனாதிபதி பெனிக்னோ அகினோ பெயரை நீக்கினார். 2018இல் ரோட்ரிகோ டுட்டெர்த்தேவும் தவிர்த்தார். 2022இல்தான் பட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் அவர் இறந்தபோது அரசு மரியாதையோடு மாவீரர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். நடித்துக்கொண்டிருந்தவருக்கு எட்டு ஆண்டுகள் மறுக்கப்பட்ட கௌரவம், மூன்றே ஆண்டுகள் கையில் இருந்தது.

பட்டம் வந்தபின் வேலை தொடங்குகிறது

தேசியக் கலைஞர் பட்டம் வெறும் பதக்கமும் சான்றிதழும் அல்ல. ரொக்கப் பரிசு, வாழ்நாள் மாத உதவித்தொகை, மருத்துவச் செலவு, அரசு விழாக்களில் முன்னிருக்கை, இறந்தால் அரசு மரியாதை. முதுமையில் மருந்துச் செலவுக்குத் தடுமாறும் கலைஞனுக்கு இது உயிர்நாடி. அதனால்தான் தாமதம் வலிக்கிறது. காட்சிக்கலைப் பட்டியலில் அமோர்சோலோ, போதோங் பிரான்சிஸ்கோ, ஹெர்னாண்டோ ஒகாம்போ, ஹோசே ஹோயா, பிரான்சிஸ்கோ கோச்சிங், லாரி அல்கலா எல்லோருமே இறந்தபின் பட்டம் பெற்றவர்கள். ஒகாம்போவின் 'ஆதியாகமம்' ஓவியம் கலாசார மையத்தின் பெரிய அரங்குத் திரையாக 1969 முதல் தொங்குகிறது. நாடே பார்த்த அந்தத் திரையின் ஓவியருக்குப் பட்டம் கிடைத்தது, அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1991இல்.

கடைசி இரண்டு பெயர்களுக்காக மட்டும் தேர்வுக்குழுவை மனமாரப் பாராட்ட வேண்டும். கோச்சிங் காமிக்ஸ் வரைந்தவர். 'பெட்ரோ பெண்டுகோ' என்ற நாட்டுப்புற நாயகனை உருவாக்கியவர். அல்கலா பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். ஒரு சந்தை, ஒரு ஜீப்னி வண்டி நிறுத்தம், ஒரு கல்யாண வீடு என்று நூறு பேர் நெருக்கும் காட்சிக்குள் தன் முகத்தை எங்காவது ஒளித்து வைப்பார். ஞாயிறு காலையில் குடும்பமே பத்திரிகையை விரித்து அவரைத் தேடும். காசு கொடுத்து ஓவியம் வாங்க முடியாதவர்களின் வீட்டுக்குள் போன கலை இது. 2014இலும் 2018இலும் அதற்கு நாட்டின் உச்ச மரியாதை கிடைத்தது.

பட்டம் சந்தையையும் மாற்றுகிறது. பெயருக்குப் பின்னால் பட்டம் ஏறியதும் விலை ஏறும், விலை ஏறியதும் போலிகள் வரும், திருடர்கள் வருவார்கள். 2024 ஜூலை தொடக்கத்தில் நெக்ரோஸ் தீவின் சிலாய் நகரில், ஒரு பழைய குடும்ப வீட்டில் நடத்தப்படும் சிறிய அருங்காட்சியகத்திலிருந்து அமோர்சோலோவின் 1936ஆம் ஆண்டு 'மாம்பழம் பறிப்போர்' திருடுபோனது. சில நாட்களிலேயே தேசியப் புலனாய்வுத் துறை கேசோன் நகரில் அதை மீட்டது. இந்தமுறை அதிர்ஷ்டம் இருந்தது. ஆனால் இந்த நாட்டின் கலைச்செல்வத்தில் பெரும்பங்கு இப்படிப்பட்ட வீடுகளில், குடும்பத்தாரின் கவனத்தையே நம்பி இருக்கிறது. பட்டம் கொடுத்த அரசு பூட்டுக்கும் காவலுக்கும் கை கொடுக்க வேண்டாமா?

பெட்டிச் செய்தி: சட்டம் காக்கும், காக்காது

2010இல் வந்த தேசியக் கலாசார மரபுச் சட்டம், தேசியக் கலைஞர்களின் படைப்புகளை 'முக்கியக் கலாசாரச் சொத்து' என்று கருதச் சொல்கிறது. ஓவியத்தை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்ல அனுமதி வேண்டும். இருந்தும், லொக்சின் வடிவமைத்து 1969இல் திறந்த மகாட்டி இன்டர்கான்டினென்டல் ஹோட்டல் 2015 முடிவில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. மகாட்டியின் மாண்டரின் ஹோட்டலும் அவருடையதே. அதுவும் இன்று இல்லை. ஓவியத்தைச் சுருட்டிப் பாதுகாக்கலாம். நிலத்தின் விலை ஏறிய இடத்தில் கட்டடத்துக்கு அந்த வசதி இல்லை.

நல்ல விளைவுக்கும் ஒரு இடம் இருக்கிறது. லூஸ் 2021இல் மறைந்தபின் காட்சிக்கலைப் பட்டியலில் உயிரோடு எஞ்சியவர் பென்கேப் ஒருவரே. 1960களில் மணிலாவின் பம்பாங் பகுதியில் கந்தல் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டு குப்பை பொறுக்கித் திரிந்த ஒரு பெண்ணை அவர் வரைந்தார். 'சாபெல்' என்ற அந்த உருவம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பட்டம் கிடைத்த மூன்றாவது ஆண்டில் பாகியோ நகரை ஒட்டிய தூபா மலைச்சரிவில் தன் அருங்காட்சியகத்தைத் திறந்தார். அங்கே அவருடைய ஓவியங்களுக்குச் சமமாகக் கோர்டில்யேரா மலைமக்களின் 'புலுல்' என்னும் நெல் தெய்வச் சிலைகளும் வரிசையாக நிற்கின்றன. தனக்குக் கிடைத்த வெளிச்சத்தை அவற்றின் மீதும் திருப்பிவிட்டிருக்கிறார்.

பதினேழு பேர்

1972 முதல் 2022 வரையிலான அறிவிப்புகளில் காட்சிக்கலைக்கான தேசியக் கலைஞர்கள் மொத்தம் 17 பேர். ஒரு பெண்கூட இல்லை.

நடனத்தில், நாடகத்தில், இசையில், இலக்கியத்தில், திரைப்படத்தில், ஆடை வடிவமைப்பில் பெண்கள் இருக்கிறார்கள். ஓவியம், சிற்பம் என்ற அறைக்குள் மட்டும் ஐம்பது ஆண்டுகளாக ஒரு பெண் பெயரும் நுழையவில்லை. இதற்கு எந்த ஜனாதிபதியின் மீதும் பழிபோட முடியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அனிதா மகசேசே-ஹோவை எடுத்துக்கொள்வோம். மணிலாவில் வழங்கப்படும் மகசேசே விருது நமக்குத் தெரியும், 1974இல் எம்.எஸ். சுப்புலட்சுமி அதைப் பெற்றார். எந்த ஜனாதிபதியின் நினைவாக அந்த விருது நிறுவப்பட்டதோ அவருடைய உறவுக்காரப் பெண் அனிதா. எடாடெஸோடு சேர்ந்து நவீன ஓவியத்துக்குப் போராடிய 'பதின்மூன்று நவீனர்கள்' குழுவில் இருந்த ஒரே பெண். மீன் விற்பவர்கள், நெல் புடைப்பவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள் எனத் தலைத்துணி கட்டிய உழைக்கும் பெண்களைக் கூட்டங்கூட்டமாக வரைந்தார். அமோர்சோலோவின் பெண்கள் வெயிலில் நின்று சிரித்தார்கள். அனிதாவின் பெண்களுக்குச் சிரிக்க நேரமில்லை, குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பதின்மூவரில் எடாடெஸ், போதோங், மனன்சாலா, ஒகாம்போ, லெகாஸ்பி ஆகிய ஐவர் தேசியக் கலைஞர்கள் ஆனார்கள். அனிதா 2012இல் 97 வயதில் இறந்தார், பட்டம் இல்லாமல்.

பட்டியலில் இருக்கும் ஆண்களின் மேடையைக் கட்டியவர்களும் பெண்களே. பிலிப்பைன்ஸ் கலைச் சங்கத்தை 1948இல் தொடங்கியவர் புரிதா கலாவ்-லெடெஸ்மா. நவீன ஓவியங்களுக்கு யாரும் சுவர் தராத காலத்தில், 1951இல், பிலிப்பைன் ஆர்ட் கேலரியைத் திறந்து வைத்துக்கொண்டு நஷ்டத்தோடு மல்லுக்கட்டியவர் எழுத்தாளர் லிட் அர்கில்யா. 1980களில் பிரெண்டா ஃபகார்டோ, இமெல்டா கஹிபே-எந்தாயா, சிற்பி ஜூலி லூச் போன்றவர்கள் சேர்ந்து 'கசிபூலன்' என்ற பெண் கலைஞர் அமைப்பை உருவாக்கினார்கள். பெண் உடலையும், வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களின் துயரத்தையும், மண்ணையும் பிலிப்பைன்ஸ் கலையின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்.

பிறகு பசீத்தா அபாத். வடகோடி பத்தானெஸ் தீவில் 1946இல் பிறந்தவர். மார்கோஸுக்கு எதிரான மாணவர் போராட்டத்துக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி உலகின் பல மூலைகளில் வாழ்ந்தார். துணியில் வரைந்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, கண்ணாடித் துண்டும் பொத்தானும் சோழியும் கோத்த பெரிய சுவர்த்துணிகளை உருவாக்கினார். சிங்கப்பூர் ஆற்றின் மேல் இருக்கும் ஆல்காஃப் பாலத்தை 50க்கும் மேற்பட்ட நிறங்களால், 2,000க்கும் மேற்பட்ட வட்டங்களால் 2004இல் அலங்கரித்தவர் அவர்தான். சிங்கப்பூர்த் தமிழர்களில் பலர் பெயர் தெரியாமலே அவருடைய கலையின் மீது நடந்திருப்பார்கள். அந்த ஆண்டின் இறுதியிலேயே புற்றுநோயில் இறந்தார். 2023இல் அமெரிக்காவின் வாக்கர் கலை மையம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிப் பெரும் கண்காட்சி நடத்தியது. உலகம் அவரைக் கண்டுகொண்டது. பிறந்த நாட்டின் பட்டியல் இன்னும் கண்டுகொள்ளவில்லை.

இங்கே ஒரு விதியும் குறுக்கே வருகிறது. பரிந்துரைக்கப்படும்போது, அல்லது இறக்கும்போது, கலைஞர் பிலிப்பைன்ஸ் குடிமகனாக இருக்க வேண்டும். லட்சக்கணக்கான மக்களைக் கடல் கடந்து வேலைக்கு அனுப்பி, அவர்கள் அனுப்பும் பணத்தில் வாழும் நாடு இது. அவர்களைப் 'புதிய நாயகர்கள்' என்று அரசே புகழ்கிறது. பிழைப்புக்காகவோ பாதுகாப்புக்காகவோ வேறு நாட்டின் குடியுரிமையை வாங்கிய கலைஞனை மட்டும் அந்நியன் என்று ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தறியின் பக்கம் இன்னொரு பட்டியல்

பெண்கள் நிறைந்த பட்டியல் ஒன்றும் இருக்கிறது. 1992இல் இயற்றிய தனிச் சட்டத்தின்படி வழங்கப்படும் 'மக்கள் படைப்பாளி' விருது. பழங்குடி மரபுக் கலைகளின் வாழும் செல்வங்களுக்கு இது உரியது. அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுப்பதும் விருது பெற்றவரின் கடமை.

1998இல் இதைப் பெற்றவர் தெற்கு கோத்தபாத்தோவின் செபு ஏரிக்கரையில் வாழ்ந்த திபோலி நெசவாளர் லாங் டூலாய். வாழைக் குடும்பத்தைச் சேர்ந்த அபாகா நாரைப் பிரித்து, முடிச்சுப் போட்டுச் சாயமேற்றி 'தினலக்' துணி நெய்தார். வடிவங்கள் கனவில் வருபவை என்பது அவர்களின் நம்பிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் எழுதி வைக்காமல் அவருடைய மனதில் இருந்தன. அதே ஆண்டு பகோபோ நெசவாளர் சாலிந்தா மோனோன், 2004இல் தவ்சுக் நெசவாளர் தர்ஹாத்தா சவாபியும் பாய் முடையும் ஹாஜா அமீனா அப்பியும், 2012இல் இலோகோஸின் மக்தலேனா கமாயோ, 2016இல் யாகான், பிலான் சமூகங்களைச் சேர்ந்த மூன்று பெண்கள்.

கலிங்கா மலையின் புஸ்கலான் கிராமத்தில் முள்ளும் கரியும் கொண்டு பச்சை குத்தும் வாங்-ஓட் உலகப் புகழ் பெற்றவர். 2023 ஏப்ரலில் ஒரு சர்வதேச ஃபேஷன் இதழின் பிலிப்பைன்ஸ் பதிப்பு, 106 வயதில் அவரை அட்டைப்படமாக்கியது. 2024 பிப்ரவரியில் ஜனாதிபதி மாளிகையில் பதக்கம் பெற்றார். இருந்தும் மேற்சொன்ன இரண்டு பெரிய பட்டியல்களுக்கும் வெளியேதான் நின்றார்.

நார்த்துணியில் நூறு வடிவங்களைக் கண்டுபிடித்த பெண் 'மரபுக் காப்பாளர்', கான்வாஸில் வண்ணம் பூசிய ஆண் 'தேசியக் கலைஞர்' என்று பிரித்தது யார்? மக்கள் படைப்பாளி விருதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சமூகத்தோடு கலைஞரைச் சேர்த்துப் பார்ப்பதும், கற்றுக்கொடுக்கும் கடமையை விதிப்பதும் பல நாடுகளுக்கு முன்மாதிரி. என் வருத்தம் வேறு. லாங் டூலாய் ஒரு இனத்தின் பிரதிநிதி மட்டும் அல்லர். நிறம், வடிவம், இடைவெளி ஆகியவற்றைத் தன் சொந்தக் கணக்கில் தீர்மானித்த தனி மேதை. லூஸின் கோடுகளுக்கு என்ன இலக்கணம் வைத்துப் பேசுகிறார்களோ அதே இலக்கணம் அவருடைய துணிக்கும் பொருந்தும்.

2009இல் கலைஞர்கள் கேட்டது, சகாக்களின் தீர்ப்பை அரசு மதிக்க வேண்டும் என்பது. நீதிமன்றம் அதைக் கொடுத்தது. தேர்வு விதிகளை எழுதுவதும் திருத்துவதும் தேசியக் கலாசார ஆணையமும் கலாசார மையமும்தான். குழுவில் உட்காருவது கலைஞர்களும் அறிஞர்களும். ஜனாதிபதி மாளிகை தானாகப் பெயர் நுழைக்கும் வழி அடைபட்டபின் 2014, 2018, 2022 என்று மூன்று தேர்வுகள் போய்விட்டன. அடுத்த கூட்டத்தில் மேசைக்கு முதலில் வர வேண்டிய கோப்புகள் அனிதா மகசேசே-ஹோவுடையதும் பசீத்தா அபாத்துடையதும் என்பது என் கருத்து. குடியுரிமை விதி யாருக்காவது தடையாக இருந்தால், அதைத் திருத்திவிட்டு வாக்கெடுப்புக்குப் போகும் அதிகாரம் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது.